அப்பாவின் ஸ்பீட்மாஸ்டர்: டயலில் கை வைக்க விடாதீர்கள்

கேள்வி: என் அப்பா சரக்குக் கப்பலில் பொறியாளராக இருந்தவர். 1971இல் சிங்கப்பூரில் வாங்கிய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தை ஓய்வு பெற்ற பின்னும் கட்டிக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு அவர் காலமானதும் அது என்னிடம் வந்தது. சென்னையில் இரண்டு கடைகளில் காட்டினேன். முதல் கடைக்காரர், "டயல் மாற்றியது, முள்ளும் மாற்றியது, பல கடிகாரங்களைப் பிரித்துச் சேர்த்தது, பெரிய விலை போகாது" என்றார். இரண்டாமவர், "எல்லாம் அசல்தான், கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிட்டது, அவ்வளவுதான். டயலுக்குப் புது வண்ணம் கொடுத்து, அச்சடித்த சின்னத்தை எடுத்துவிட்டு உலோகச் சின்னம் பதித்துத் தருகிறேன்" என்கிறார். யார் சொல்வது சரி? இது நிலவுக்குப் போன அதே கடிகாரமா? விற்கும் எண்ணம் இல்லை. என் மகன் கட்ட வேண்டும். படங்கள் இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்த இரண்டாவது கடைக்காரருக்கு ஃபோன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அதற்குப் பிறகு பேசலாம். முள், கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையம் எல்லாம் மாற்றினால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். டயலைச் சுரண்டி வண்ணம் அடித்துவிட்டால் திரும்பி வர வழியே இல்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் உங்கள் அப்பா பார்த்த முகம் அது.

நீங்கள் அனுப்பிய பதினொரு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கணிப்பு: டயல் சரியானது. நேரம் காட்டும் இரண்டு முள்களும் பிற்காலத்தவை, ஆனால் ஒமேகாவின் முள்கள்தான். பெசலும் மாற்றப்பட்டிருக்க வேண்டும். இயந்திரமும் அதைச் சுற்றிய உலோகக் கூடும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஆகவே முதல் கடைக்காரர் முள்ளைச் சரியாகப் பார்த்துவிட்டு டயலில் தவறினார். இரண்டாமவர் டயலைச் சரியாகச் சொன்னார், அந்த டயலையே கெடுக்கவும் கிளம்பினார்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் "அசல்" என்ற ஒரே சொல்லை நாம் மூன்று பொருளில் பயன்படுத்துவது. ஒமேகாவே செய்த பாகமா என்பது ஒரு கேள்வி. அந்த மாடலுக்கு, அந்த ஆண்டுக்கு உரிய பாகமா என்பது வேறு கேள்வி. இதே கடிகாரத்தோடு தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்ததா என்பது மூன்றாவது. உங்கள் முள்களுக்கு முதல் கேள்வியில் ஆம், மற்ற இரண்டிலும் இல்லை. விற்பவர் "அசல்" என்றால், இந்த மூன்றில் எது என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலோர் அத்தோடு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பின்மூடியின் உட்புறத்தைப் படமெடுத்தது நல்ல காரியம். அங்கே 145.022-69 என்று பொறித்திருக்கிறது. 145.022 என்பது மாடல் எண். கோட்டுக்குப் பின்னால் உள்ள 69, அந்தக் கூட்டின் வடிவம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைக் காட்டுவது. விற்ற ஆண்டு அது இல்லை. 69 என்று பொறித்த கடிகாரத்தை 1971இல் கடையில் வாங்கியதில் வியப்பேதும் கிடையாது. இயந்திரத்தின் மேல் உள்ள வரிசை எண் 29 என்று தொடங்கும் எட்டு இலக்க எண். அது 1970ஐ ஒட்டிய காலம். கப்பல் ஏறி, சிங்கப்பூர் கடையின் கண்ணாடி அலமாரியில் சில மாதம் இருந்து அப்பாவின் கைக்கு வந்திருக்கிறது. கணக்கு இடிக்கவில்லை.

நிலவைப் பற்றிய கேள்விக்கு இயந்திரம்தான் பதில் சொல்கிறது. 1969 ஜூலையில் அப்போலோ 11இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் கொண்டு போனது 105.012 மாடல், காலின்ஸிடம் இருந்தது 145.012. மூன்றிலும் ஓடியது 321 என்ற இயந்திரம். மணிக்கு 18,000 துடிப்பு. நிறுத்துக் கடிகாரத்தைத் தொடங்கி நிறுத்தும் வேலையைத் தூண் சக்கரம் ஒன்று செய்யும். 1968இல் ஒமேகா அதை விட்டுவிட்டு 861க்கு மாறியது. துடிப்பு 21,600 ஆயிற்று, தூண் சக்கரத்தின் இடத்தில் கேம் என்ற எளிய மேடுபள்ளத் தகடு வந்தது. உங்கள் படத்தில் செம்பு நிறப் பூச்சுடன், சக்கரங்களைத் தாங்கும் பாலத்தின் மேல் 861 என்ற எண் தெளிவாகத் தெரிகிறது. எனவே அப்பாவுடையது நிலவுக்குப் போனவற்றின் தம்பி. வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட அதே கடிகாரம், இதயம் வேறு. பின்மூடியில் நிலவில் அணியப்பட்ட முதல் கடிகாரம் என்ற வாசகம் இருப்பதும் இதனால்தான். அந்தப் பெருமை மாடல் குடும்பத்துக்கு உரியது. 69 வரிசையில் அந்த வாசகம் உள்ள பின்மூடியும் உண்டு, இல்லாததும் உண்டு. உறவினர் யாராவது தன்னுடையதில் வாசகம் இல்லை என்று சண்டைக்கு வந்தால் இருவரும் சரி என்று சொல்லிவிடுங்கள். பழுதுபார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: 321க்கு இன்று கொடுக்கும் விலையில் பாதி, கதைக்குக் கொடுக்கும் விலை. 861 உழைப்பாளி. அழுக்கேறிய, எண்ணெய் காய்ந்த 861கள் எத்தனையோ என் மேசைக்கு வந்து, சுத்தம் செய்ததும் முனகாமல் ஓடியிருக்கின்றன.

இனி டயல். சரியென்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அதிலுள்ள படி. சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த ஏழாவது படத்தைப் பாருங்கள். டயலின் நடுப்பகுதி மேடாகவும், நிமிடக் கோடுகள் உள்ள ஓர வளையம் ஒரு படி இறங்கியும் இருக்கிறது. அந்த விளிம்பில் மெல்லிய நிழல்கோடு விழுகிறது. 1970களின் நடுவில் ஒமேகா இந்தப் படியைக் கைவிட்டுத் தட்டையான டயலுக்கு வந்தது. பிற்காலத்தில் எடுத்த டயலைப் பழைய கூட்டில் போட்டவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். நேராகப் படமெடுத்தால் படி கண்ணுக்குத் தெரியாது. விற்பவர் நேர்ப்படங்களாகவே அனுப்பினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது, சின்னம். 12க்குக் கீழே உள்ள ஒமேகா எழுத்துச் சின்னம் உங்கள் டயலில் வெள்ளை அச்சு. 321 காலத்து ஸ்பீட்மாஸ்டர்களில் அது தனியே செய்து பதித்த உலோகம். 861 வந்த முதல் வரிசையான 145.022-68லும் உலோகச் சின்னம் தொடர்ந்தது. 69இலிருந்து அச்சு. உலோகச் சின்னம் அழகுதான், மறுக்கவில்லை. அந்த டயல்கள் சந்தையில் அதிக விலையும் போகும். ஆனால் உங்கள் கடிகாரத்தில் அதைப் பதித்தால், சரியாக இருக்கும் ஒன்றைக் காசு கொடுத்துத் தவறாக்கிக்கொண்டதாக ஆகும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தவர் எவரும் "இது 69 ஆயிற்றே, உலோகச் சின்னம் எப்படி வந்தது?" என்று கேட்பார்.

மூன்றாவது, அடியில் உள்ள எழுத்து. 6 மணிக்குக் கீழே ஓரத்தில் "டி சுவிஸ் மேட் டி" என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது. இருபுறமும் நிற்கும் டி, டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஒளிப்பூச்சைக் குறிப்பது. 1990களின் இறுதியில் லூமினோவா என்ற கதிரியக்கமற்ற பூச்சு வந்ததும் அந்த இரண்டு டியும் போய்விட்டன. சேவை மையங்கள் மாற்றிப் போட்ட புதிய டயல்களில் நடுவில் உள்ள இரண்டு சொற்கள் மட்டும் இருக்கும். உங்களுடையதில் இரண்டு டியும் சம தூரத்தில், மற்ற எழுத்துகளின் அதே கனத்தில் நிற்கின்றன. வண்ணமடித்த டயலில் கை தடுமாறுவது இந்தச் சிறிய எழுத்துகளில்தான். டி ஒன்று சற்று மேலே ஏறியிருக்கும், அல்லது நிமிடக் கோட்டில் முட்டும். "ஸ்பீட்மாஸ்டர்" என்ற சாய்வெழுத்தின் வளைவுகள் தடித்துப் போயிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் உண்மையான அச்சின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். போலி அச்சின் விளிம்பில் மை கசிந்தது தெரியும்.

கறுப்பு பழுப்பானதைக் குறையென்று இரண்டாமவர் சொன்னார் அல்லவா, அதற்கு மேல்நாட்டில் "டிராப்பிகல்" என்று பெயர் வைத்து, அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் வெளுத்த சட்டைக்கு யாரும் அப்படிக் கொடுப்பதில்லை! அந்தக் காலக் கறுப்பு வண்ணக் கலவைகள் சில, சூரிய ஒளியில் ஆண்டுக்கணக்கில் இருந்து நிறம் திரும்பின. எல்லா டயலுக்கும் அப்படி நேர்வதில்லை. உங்களுடையது வெயிலில் பிடித்தால்தான் காப்பிக்கொட்டை நிறமாகத் தெரிகிறது, நிழலில் கறுப்பு. மேலைச் சந்தையில் இதற்காகவே டயலை அடுப்பில் வைத்துச் சூடாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கோ பழுப்பைக் கறுப்பாக்க ஒருவர் தூரிகையோடு நிற்கிறார்.

ஒளிப்பூச்சை நீங்களே சோதிக்கலாம். கள்ளநோட்டு பார்க்கும் சிறிய புற ஊதாக்கதிர் விளக்கு ஒன்று வாங்குங்கள். இருட்டறையில் பத்து வினாடி டயலில் காட்டி, அணைத்துவிட்டுப் பாருங்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆன பூச்சில் மிஞ்சியிருப்பது நூற்றில் ஐந்தாறு பங்குதான். அதோடு ஒளிரும் பொருளும் களைத்துப் போயிருக்கும். விளக்கு படும்போது மங்கலாக மினுங்கி, விளக்கை எடுத்ததும் அணைந்துவிட வேண்டும். உங்கள் டயலின் மணிக்கோடுகள் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கிறேன். முள்கள் வேறுவிதம். அவை விளக்கு அணைந்த பிறகும் பச்சையாக நீண்ட நேரம் ஒளிரும். படத்திலேயே டயலின் கோடுகள் பழைய தந்தத்தின் மஞ்சளில் இருக்க, முள்கள் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கின்றன. ஒரே நாளில் பூசிய பூச்சு இப்படி இரண்டு நிறத்தில் முதுமை அடையாது. பழைய பூச்சைச் சுரண்டவோ, கண்ணாடியைக் கழற்றி விரலால் தொடவோ மட்டும் வேண்டாம். கண்ணாடிக்குள் இருக்கும்வரை டிரிட்டியம் உங்களை ஒன்றும் செய்யாது.

முள்கள் எப்படி மாறின? 1990களின் கடைசியிலோ அதற்குப் பிறகோ உங்கள் அப்பா இதை முறையான சேவை மையம் ஒன்றில் கொடுத்திருப்பார். பூச்சு உதிரத் தொடங்கிய முள்ளை அவர்கள் மாற்றிவிடுவார்கள். உதிர்ந்த துகள் பல்சக்கரத்தில் போய் உட்கார்ந்தால் கடிகாரம் நின்றுவிடும் என்பதால் அது அவர்களுடைய வழக்கம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் நானே அதைச் செய்தவன். தொழிலில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் கொண்டுவந்த குரோனோகிராஃபுக்கு (இதுபோல் நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்த கைக்கடிகாரம்) பளபளவென்று புது முள் போட்டு, பழையதைத் தூசியோடு தூசியாகக் கூட்டித் தள்ளினேன். அவரும் மகிழ்ச்சியாகத்தான் வாங்கிப் போனார். அப்போது கடிகாரம் என்பது மணி பார்க்க. பழைய முள்ளை ஒருநாள் யாரோ தேடுவார்கள் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் பேரன் அதே கடிகாரத்தைக் கொண்டுவந்து, பழைய முள் கிடைக்குமா என்று என்னிடமே கேட்டான்.

மைய வினாடி முள்ளின் வால் பக்கத்தையும் பார்த்தேன். 321 காலத்து முள்களில் அந்த எதிரெடை நீர்த்துளிபோல் இருக்கும். 861 வந்து சிறிது காலத்தில் தட்டையான நீள்சதுரமாயிற்று. உங்களுடையது தட்டை. சரிதான்.

பெசலுக்கு வருவோம். வேகம் அளக்கும் எண்கள் அச்சிட்ட கறுப்பு அலுமினிய வளையம் அது. அதில் 90 என்ற எண்ணுக்கு அருகே ஒரு புள்ளி இருக்கும். 1970 வாக்கு வரை அந்தப் புள்ளி 90க்கு மேலே இருந்தது, பிறகு பக்கத்துக்கு நகர்ந்தது. 29 என்று தொடங்கும் எண்ணுள்ள 69க்கு மேலே இருப்பதையே எதிர்பார்ப்பேன். உங்களுடையதில் பக்கத்தில் இருக்கிறது. மாறும் காலத்தை ஒட்டிய கடிகாரம் என்பதால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கூட்டின் ஓரங்களில் அத்தனை அடி பட்டிருக்க, பெசல் மட்டும் கீறலின்றி இருக்கிறது. கப்பலின் எஞ்சின் அறையில் குழாய்களுக்கு நடுவே வேலை செய்த கையில் முதலில் அடி வாங்குவது பெசல்தான். எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். மேலே புள்ளி உள்ள பழைய பெசல் இன்று தனியாகவே கொள்ளை விலை போகிறது. அதனால் போலிகளும் குவிந்து கிடக்கின்றன. மகன் கட்டப் போகும் கடிகாரத்துக்கு ஒரு புள்ளியின் இடத்துக்காக அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கண்ணாடி அந்தக் காலத்து பிளாஸ்டிக் வகை. நடுவில், உட்புறமாக, ஊசிமுனை அளவில் ஒமேகா சின்னம் இருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். இருந்தால் நிறுவனத்தின் கண்ணாடி. மேலோட்டமான கீறலைத் துளி பற்பசை வைத்து மெல்லிய துணியால் தேய்த்தாலே போகும். தோல் வார் இருப்பதால் உலோகப் பட்டையை நான் பார்க்க முடியவில்லை. 1039 என்ற எண்ணுள்ள தட்டைக் கண்ணிப் பட்டை வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்து வையுங்கள், அது இக்காலத்துக்கு உரியது.

முதல் கடைக்காரரின் சந்தேகம் உங்களை உறுத்திக்கொண்டே இருக்கலாம் என்பதால் ஒரு செய்தி. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஏலத்தில், 1957இல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டர் மாடலான சிகே 2915இல் ஒன்று, பழுப்பேறிய டயலோடு, 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போயிற்று. வாங்கியது ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. 2023இல் அது பல இடங்களிலிருந்து சேர்த்த பாகங்களால் ஆன கதம்பம் என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் தொடர்பு இருந்தது என்றும் ஒமேகாவே அறிவித்தது. பாகங்களில் பெரும்பாலானவை உண்மையான ஒமேகா பாகங்கள் என்பதுதான் அதில் வேடிக்கை. பணம் கொழிக்கும் இடத்தில் நடப்பது இது. 1971இல் ஒரு கப்பல் பொறியாளர் கடையில் வாங்கி, ஐம்பது ஆண்டு கட்டி, மகளுக்கு விட்டுப்போன கடிகாரத்தில் டயலை மாற்றி யாருக்கு என்ன லாபம்? கைமாறாமல் ஒரே குடும்பத்தில் இருந்தது என்பதே எந்தச் சான்றிதழையும்விட வலுவான சாட்சி. ஒமேகா தன் பழைய ஏடுகளைப் பார்த்துக் கொடுத்துவந்த சான்றும் இந்த எண்ணுள்ள இயந்திரம் இந்த மாடலில் இந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதைத்தான் சொன்னது. டயலுக்கும் முள்ளுக்கும் அது பொறுப்பேற்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். எண்ணெய் காய்ந்த இயந்திரத்தை ஓட்டினால் அச்சுகள் தேயும். குரோனோகிராஃப் பிரித்துப் பழகியவரிடம் சுத்தம் செய்து எண்ணெயிடக் கொடுங்கள். கொடுக்கும்போது ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: டயலைத் தொடக் கூடாது, கூட்டை பாலிஷ் போடக் கூடாது, கழற்றும் பாகம் எதுவானாலும் உறையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கூட்டின் அழகு, வாரைப் பிடிக்கும் கொம்புகளின் முறுக்கிய கூர்விளிம்பில் இருக்கிறது. பாலிஷ் சக்கரத்தில் ஒருமுறை வைத்தால் அது சோப்புக்கட்டியாகிவிடும். உள்ளே இருக்கும் எதுவும் தேய்ந்திருந்தால் தாராளமாக மாற்றட்டும். கண்ணுக்குத் தெரியாத பல்சக்கரத்துக்குப் பழமை பார்க்கத் தேவையில்லை. முள்களை அப்படியே விடுங்கள். யாராவது வெள்ளை முள்ளுக்கு மஞ்சள் பூச்சு பூசிப் பழையதாக்கித் தருகிறேன் என்பார். அது தப்பில்லை, ஆனால் ஒப்பனை. உங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு எதற்கு? மகனிடம் இதைக் கட்டிக்கொண்டு கை கழுவலாம், குளிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சேவை மையங்கள் கழற்றிய பாகங்களைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பில்லோடு சேர்த்துத் தருவது உண்டு. கப்பல் பொறியாளர்கள் எதையும் தூக்கி எறிய மாட்டார்கள் என்பது என் அனுபவம். அப்பாவின் மேசை இழுப்பறை, பழைய பாஸ்போர்ட் வைத்த டப்பா, சவரப் பெட்டி எல்லாவற்றையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். மஞ்சளேறிய இரண்டு சிறிய முள்கள் கிடைத்தால், துடைக்காமல், தேய்க்காமல், அந்த உறையோடு எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.